மூங்கில் வீடு ஒதுங்கிய மாரி

மழை எங்கேயிருந்து வருகிறது என்று போன கிழமை உங்களில் சின்னவன் கேட்டான். வானத்திலிருந்து என்று சொல்லித் தப்பிவிட்டேன். பிள்ளைகளே, நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்தப் பதில் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்த பதில் என் சித்தப்பாவில் தொடங்குகிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே, கடலோரம் எங்கள் வீடு. அடுத்த வளவு சித்தப்பாவினுடையது. அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் ஒரு துளி மழை இல்லை. கிணறு உவர்த்துவிட்டது, தேத்தண்ணியே கரித்தது.

காலையில் சித்தப்பா கடலில் ஒரு தேங்காய்ப் பொச்சுமட்டையை எறிவார். அது எந்தப் பக்கம் மிதந்து போகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நாளாந்தம் அது கிழக்கேதான் போனது.

"மழைக்கு இன்னும் விசா கிடைக்கேல்லையடா," என்பார். "எம்பசியிலை லைன் நீளம் போலை."

குசினியிலிருந்து சித்தி சத்தம் போடுவார். "உந்தப் பகிடியை விட்டிட்டுக் கோழிக்கூட்டைக் கட்டுங்கோ. மரநாய் திண்டு முடிக்கப் போகுது."

"பொறு, பொறு. தடிக்குக் கடலிட்டை ஓடர் குடுத்திருக்கிறன்."

ஒரு நாள் மட்டை தயங்கி நின்று, பிறகு மேற்கே போனது. சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதியெல்லாம் ஓடினார்.

எனக்கு அது விளையாட்டு. விஷயம் பிறகுதான் விளங்கியது. கடல் குளம் மாதிரி நிற்கிற தண்ணீர் இல்லை. அதற்குள்ளும் ஆறுகள் ஓடுகின்றன. அவை சூட்டைச் சுமந்து இடம் மாற்றுகின்றன. சூடான தண்ணீர் எங்கே சேருகிறதோ, அங்கே ஆவி எழும்பி முகில் தடிக்கும். மாரிக்கு முன்னர் காற்றுத் திரும்ப, நீரோட்டமும் மேற்கே திரும்பும். அந்தக் காற்று வங்கக் கடலின் சூட்டைக் குடித்துக்கொண்டு எங்களிடம் வரும். சில வருடங்களில் தூரத்துக் கடல்களிலே சூடான தண்ணீர் இடம் மாறி நின்றுவிடும். அப்போது எங்கள் மழை பிந்தும். அல்லது கொட்டித் தீர்க்கும். அந்த வருடம் இரண்டும் நடந்தது.

நீர் திரும்பிய அதே கிழமை, கடலில் ஒரு வீடு வந்தது. மூங்கிலை அடுக்கிக் கட்டிய தெப்பம். அதன்மேல் ஓலை வேய்ந்த குடில். பர்மாப் பக்கத்திலிருந்து வருவது என்றார்கள். மாரி தொடங்க இடைக்கிடை இப்படி ஒதுங்குமாம். உள்ளே ஆள் இல்லை. கரி பிடித்த ஒரு பானை, ஒரு பாய், பறக்காமல் இரண்டு கைகளையும் கொடியில் முடிந்துவிட்ட ஒரு நீலச் சட்டை.

"வீட்டுக்காரர் எங்கை, சித்தப்பா?"

"நாங்கள் வாறது தெரிஞ்சு பின்வாசலாலை போயிட்டினம்."

கரையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் ஆக அதிகம் சிரித்தேன்.

மத்தியானத்துக்குள் வீட்டைப் பிரித்தாயிற்று. எங்கள் பங்கு மூங்கிலில் கோழிக்கூடு எழும்பியது. பருந்துக்கு வெருளியாகச் சட்டையை அதன்மேல் கட்டினார் சித்தப்பா.

"ஆரின்ரையோ உடுப்பு, வேண்டாமப்பா," என்றார் சித்தி.

"காத்து வாங்கட்டும், விடு."

பின்னேரம் கிழக்குக் கறுத்தது. சித்தப்பாவின் வலை கடலில் கிடந்தது. "வலை போனால் போகட்டும், நீங்கள் போகாதேங்கோ," என்று சித்தி படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்ட மழையே வந்திட்டுது. இனி என்னப்பா பயம்?"

படகு போன கையோடு மழை விழுந்தது. நான் முற்றத்தில் அம்மணமாகக் குதித்தேன். அம்மா குடம், வாளி, சட்டி எல்லாம் வெளியே வைத்தார். மழை விடவில்லை. இரவானதும் கடல் இரைந்தது. படகு திரும்பவில்லை.

மழை ஓய்ந்தபோது கிணறு வாய்வரை நிரம்பி இனித்தது. அப்பாவும் மற்றவர்களும் படகெடுத்துத் தேடினார்கள். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அப்பா சித்தியின் முகத்தைப் பாராமல் உள்ளே போனார்.

எனக்கு மட்டும் கவலை இல்லை. விடிந்ததும் மட்டையை எறிந்து பார்த்துவிட்டுச் சித்தியிடம் ஓடினேன்.

"சித்தி, நீர் மேற்கை ஓடுது! சித்தப்பான்ரை போட் இந்தியாக் கரையிலை ஏறியிருக்கும். நாங்கள் அந்த வீட்டை எடுத்தமாதிரி, அங்கையும் ஆரும் எடுத்திருப்பினம்."

 சித்தி கோழிக்கூட்டடிக்குப் போய், ஏறி, அந்த நீலச் சட்டையை இறக்கினார். கிணற்றடியில் குந்தி, இனித்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, கழுத்துப் பட்டியை இரண்டு கையாலும் கசக்கிக் கசக்கித் தோய்த்தார்.

"அது சித்தப்பாவுக்குக் காணாது சித்தி," என்றேன். "சின்னன்."

"ஓம் ராசா," என்றார் சித்தி. "காணாதுதான்."

காய்ந்ததும் மடித்து, சித்தப்பாவின் சட்டைகளோடு வைத்தார்.