கல்லறைத் தோட்டத்தில் எங்கள் இடம்

என் மனைவி ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஜெபம் பண்ணுகிறவள். நெய்யாற்றின்கரைச் சந்தைக்குப் பின்னால் நான் வண்டியை நிறுத்துவேன். அவள் உடனே இறங்கமாட்டாள். ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். மீன் விற்கிறவர்கள் பார்ப்பார்கள், ஆட்டோக்காரர்கள் பார்ப்பார்கள். பஞ்சும் மருந்தும் சோப்பும் திணித்த பையை மடியில் வைத்துக்கொண்டு நான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு காலனிக்குள் நுழைந்துவிட்டால் அவள் வாயிலிருந்து ஜெபமும் வராது, வசனமும் வராது. யாராவது கேட்டால்தான். "உள்ள போனா கைக்காக்கும் வேல. வாய்க்கு அங்க என்ன வேல?" என்பாள்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சாராக இருந்தவன். கேரள எல்லையோரத்துப் பாறசாலையில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் சாவகாசமாக சாயா குடித்துக்கொண்டு பேப்பர் படிக்கலாம் என்று நான் திட்டம் வைத்திருந்தேன். அவளும் ஒரு திட்டம் வைத்திருந்தாள், என்னிடம் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற அடுத்த வாரமே என்னை வண்டியை எடுக்கச் சொன்னாள்.

காலனி என்றால் கால்வாயை ஒட்டி நெருக்கியடித்து நிற்கிற சிறு வீடுகள். கை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர் இடிக்கும். சந்தையில் சுமை தூக்குகிறவர்கள், லாட்டரி விற்கிறவர்கள், கடைவாசல் கூட்டுகிறவர்கள். இவர்களில் படுக்கையில் விழுந்தவர்களைத் தேடித்தான் என் மனைவி போவாள். புண்ணைக் கழுவிக் கட்டுவாள், முதுகைத் துடைத்துப் புரட்டிப் படுக்கவைப்பாள், தலைக்கு ஊற்றிவிடுவாள். குழாயிலிருந்து தண்ணீர் சுமப்பதும், அழுக்குத் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுவதும் என் பாகம். பிறகு நகம் வெட்டுகிற வேலையையும் என் தலையில் கட்டினாள். முப்பது வருஷம் பிள்ளைகளின் காதைத் திருகிய கையால் நான் ஊரார் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். முகத்தைச் சுளித்தால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். திரும்பிப் பார்க்காமலே, "மூஞ்சி, மூஞ்சி" என்பாள்.

அங்கே கடைசி வரிசையில் ஒருவர் கிடந்தார். என்னைவிட இளையவர். அம்பூரி மலையில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர், பிழைப்புக்காக டவுனுக்கு இறங்கிவந்து சந்தையில் சுமை தூக்கினார். லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அவருடைய மனைவி விடியற்காலையில் கடைகளைக் கூட்டப் போய்விட்டு, நாங்கள் போகிற நேரத்துக்குத் திரும்பியிருப்பாள். பால் ஊற்றாத கட்டன் சாயா போட்டுக் கொடுப்பாள். சாயா கொதிக்கிற அந்த அடுக்களையின் தரையில், அடுப்புக்குக் கீழே ஒரு பாகம் மட்டும் புதிய சிமெண்டாக மேடு தட்டியிருக்கும்.

அந்த மேட்டின் கதையை அவரே ஒருநாள் சொன்னார். அவருடைய அம்மா அங்கேதான் இருக்கிறாள். வீடு போக ஒரு முழம் மண் அவர்களுக்கு வேறு கிடையாது. டவுனின் பொதுச் சுடுகாட்டில் எரிக்க மட்டும்தான் முடியும். அம்மாவை எரிக்க மனம் வராமல் அடுக்களைத் தரையைப் பொளித்து அடக்கம் செய்தார்கள். அந்த வரிசையில் வேறு சில வீடுகளிலும் அப்படித்தான். மழைக்காலத்தில் கால்வாய் பெருகினால் அடுக்களைத் தரை கசியும். அவருடைய கட்டிலிலிருந்து பார்த்தால் நேராக அது தெரியும். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறார்.

"சிஸ்டரம்மா, ஒரு காரியம்" என்றார் அன்றைக்கு. என் மனைவி அவருடைய முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் செத்தா என்னயும் அடுக்களையில வச்சிரப்பிடாது. இப்பவே எனக்க அம்மைக்க மேல நிண்ணாக்கும் இவ கஞ்சி வைக்கா. எனக்க மேலயும் நிண்ணு வைக்கணுமா? எரிக்கவும் வேண்டாம். அம்பூரியில ஞானஸ்நானம் எடுத்தவனாக்கும் நான், இப்ப அங்க பேரும் இல்ல. எங்கயாவது ஒரு நல்ல மண்ணு வேணும்."

சாகப் பயமில்லை அவருக்கு. எங்கே வைப்பார்கள் என்றுதான் பயம். அவருடைய மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். என் மனைவியின் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. துணியைப் பிழிந்தபடி, "பேடிக்காத மக்கா, ஒனக்கு எடம் உண்டு" என்றாள்.

வாளியோடு நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்குத் திரும்புகிற வழியில், அமரவிளைப் பாலம் தாண்டுகிறபோது என் மனைவியிடம் கேட்டேன்.

"எந்த எடத்தச் சொன்ன நீ?"

"எனக்க எடம்."

"ஒனக்கு ஏது எடம்?"

"ஒங்களுக்குப் பக்கத்தில கெடக்குதுல்லா, அதாக்கும்."

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலயத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. பொது இடம் எப்போதோ நிறைந்துவிட்டது. இனி குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அங்கே போக்கிடம். என் அப்பா முன்யோசனைக்காரர். நாலு பேருக்கு இடம் வாங்கிப் போட்டு, அதில் அம்மாவும் அவரும் படுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த இரண்டும் எங்களுக்கு. ஈஸ்டர் விடியற்காலையில் எல்லோரும் மெழுகுவர்த்தியோடு அங்கே கூடுவோம். அப்பா அம்மா தலைமாட்டில் ஆளுக்கொன்று வைத்தபிறகு என் மனைவி வெறும் தரையில் இன்னொன்று வைப்பாள். "நமக்கும் ஒண்ணு இருக்கட்டு, பிள்ளைய வெளிநாட்டில இருந்து வந்து வைக்கவா போகுது?" என்று சிரிப்பாள்.

"எங்கிட்ட ஒரு வாக்கு கேட்டிருக்கலாம்லா?" என்றேன் வண்டியை ஓட்டியபடி.

"கேட்டா நீங்க யோசிப்பிய. நீங்க யோசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த ஈஸ்டர் வந்துரும்."

எனக்குக் கோபம்தான். வீட்டுக்கு வந்தும் அது தணியவில்லை. அவள் சுட்ட மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வைத்தாள். எல்லாவற்றையும் தின்றேன். தின்று முடிக்கிறபோது கோபத்தில் பாதி இறங்கியிருந்தது. மீதிப் பாதியோடு போதகரைப் பார்க்கப் போனேன்.

போதகர் விஷயத்தைச் சபைக் கமிட்டியில் வைத்தார். சபையில் பேர் இல்லாத ஆளுக்குக் குடும்பக் கல்லறையா என்று முனகல். காசும் பேச்சும் உள்ள ஒரு மூத்தவர் எழுந்து, "இன்னைக்கு ஒருத்தன் வருவான். நாளைக்கு காலனி முழுக்க வரும். எடம் குடுத்தா மடம் புடுங்குவாவ, பாத்துக்கிடுங்கோ" என்றார். போதகர் அமைதியாக, "எடம் இவங்களுக்க குடும்பத்துக்கு உள்ளது. சார் சொல்லட்டு" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

எழுந்து நின்றேன். வசனம் ஏதாவது சொல்லலாமா என்று பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. "எடம் எனக்க அப்பா வாங்கினது. வாக்கு எனக்க வீட்டுக்காரி குடுத்தது. நாப்பது வருஷத்தில அவ குடுத்த ஒரு வாக்கையும் மாத்த எனக்குத் திராணி வரல்ல. ஒங்கள்ல ஆருக்காவது உண்டும்னா வீட்டுக்கு வந்து சொல்லுங்கோ" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த மூத்தவரும் சிரித்தார். அவருக்கும் வீட்டுக்காரி உண்டு. அடுத்த வாரம் போதகர் காலனிக்கு வந்து, அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு நற்கருணை கொடுத்தார். பேரும் சபையில் சேர்ந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவருக்கு ஒரு ஆசை.

"எடத்த ஒண்ணு பாத்துக்கிடலாமா சிஸ்டரம்மா?"

தன் குழியைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஆளை நான் அதுவரை கண்டதில்லை. என் மனைவிக்கு அது பெண் பார்க்கப் போகிற மாதிரி சாதாரணமாக இருந்தது. காலனியில் ஒருவர் சரக்கு ஏற்றுகிற பெட்டி ஆட்டோ வைத்திருந்தார். அதில் மெத்தையைப் போட்டு, அவரைப் படுக்கவைத்து, அவருடைய மனைவியும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, நான் ஸ்கூட்டரில் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்தில் நாலு பேராக அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினோம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு வெளியே வந்தவர் கண்ணைச் சுருக்கிச் சுற்றிலும் பார்த்தார். மேட்டுக்குக் கீழே ரப்பர், அதற்கும் அப்பால் ரயில் பாதை.

"மழைக்கு இங்க தண்ணி கெட்டுமா சாரே?"

"கெட்டாது. மேடாக்கும். செம்மண்ணு. எவ்வளவு பேஞ்சாலும் உறிஞ்சிரும்" என்றேன். நிலம் விற்கிற தரகர்கூட அவ்வளவு உற்சாகமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

என் மனைவி ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் கையில் கொடுத்தாள். அவர் விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார். மலையில் குழி வெட்டிக் கன்று வைத்த ஆள் அல்லவா.

"கொள்ளாம், நல்ல மண்ணாக்கும். ரப்பர் வச்சா நல்லா வரும்" என்றார்.

சிரித்தோம். அவர்தான் அதிகம் சிரித்தார். சொந்தமாக ஒரு சதுர அடி இல்லாத மனிதர், வீட்டுமனை பார்க்க வந்தவர் மாதிரி அந்த நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். என் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க நான் அப்பாவின் கல்லறையில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினேன்.

அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் மிச்சமாகக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அடுக்களை மண்ணுக்குத் தான் மட்டும் தனியாகப் போய்ச் சேரப்போவதை நினைத்திருப்பாள்.

"அது ஆருக்க எடம் சிஸ்டரம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

என் இடம். அப்பா கால்மாட்டில் எனக்கென்று கிடந்த இடம். என் மனைவி என்னைப் பார்த்தாள். இந்த முறை பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். நான் கையில் புல்லோடு நின்றேன். பிறகு என் மனைவி அவள் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"ஒனக்காக்கும்."

மனிதனுக்குக் கடைசியில் ஆறடி மண்தான் மிச்சம் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஆறடியும் கைவிட்டுப் போகும் என்று எந்தப் போதகரும் சொன்னதில்லை. அந்த மூத்தவர் சொன்ன பழமொழி சரிதான். ஆனால் காலனிக்காரர்கள் ஒன்றும் பிடுங்கவில்லை, மடத்தைப் பிடுங்கியது என் வீட்டுக்காரி. அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. இவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் வாழ்ந்தோமே என்று பெருமையாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டையும் எழுதிக் கொடுத்துவிடுவாள்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் அவர் போய்ச் சேர்ந்தார். கால்வாய்த் தண்ணீர் அடுக்களை வரை ஏறியிருந்தது. காலனியே பெட்டி ஆட்டோக்களில் பாறசாலைக்கு வந்தது. நனைந்துகொண்டே பாட்டுப் பாடினோம். சவப்பெட்டியை இறக்குமுன் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. அவருக்கு நான் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான், அது நின்றது.

மழை விட்டபிறகு காலனிக்குப் போனபோது என் மனைவி முதலில் அந்த வீட்டுக்குத்தான் போனாள். கட்டில் காலியாக இருந்தது. அவருடைய மனைவி எங்களுக்கு சாயா கொடுத்துவிட்டு, அடுக்களை வாசலிலேயே நின்றாள். சொல்ல ஏதோ வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"சாரே, கோவிச்சுக்கிடப்பிடாது" என்றாள். "ஒங்க ரெண்டு பேருக்க எடத்தயும் நாங்க எடுத்தாச்சு. இனி ஒங்களுக்கு எங்க எடம்னு நினைச்சு எனக்கு உறக்கமே இல்ல. எங்களுக்கு வேற மண்ணு ஒண்ணும் இல்லன்னு ஒங்களுக்குத் தெரியும். இஞ்ச, அம்மைக்குப் பக்கத்தில எடம் உண்டு. ரெண்டு பேருக்கு உண்டு. தண்ணி வராம கல்லு கெட்டி ஒசத்திரலாம். நான் அடுப்பத் தூக்கி வெளிய வச்சுக்கிடுதேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் கொடுப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். அவளுடைய புருஷன் ஆயுசெல்லாம் பயந்த இடமும் அதுதான் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கல் கட்டுவதாகச் சொன்னாள். நான் சாயாக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எழுந்துபோய், அடுப்புக்குப் பக்கத்தில் தரையைக் குனிந்து பார்த்தாள். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "செரி மக்கா" என்றாள்.

சந்தைக்குப் பின்னால் வண்டிக்கு வந்தோம். அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள்.

"நெசமாவா செரின்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"பின்ன? ஒருத்தி அவ வீட்டுக்கு விளிக்கா. வரமாட்டேன்னா சொல்லுவாவ?" என்றாள்.

நான் வண்டியை எடுத்தேன்.