எழுபது வயதுக் கண்ணாடியும் ஒரு இடது காலும்

சென்ற தை மாதம் நாகர்கோவில் வழியாக மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போய்வந்தேன். சுசீந்திரம் போனாயா, குமரிமுனையில் சூரியோதயம் பார்த்தாயா என்று கேட்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டும் இல்லை. நான் போனது ஒரு கைக்குழந்தையின் இடது காலைப் படம் பிடிக்க. போகும்போதும் குழப்பம், வரும்போதும் குழப்பம், இதை எழுதும்போதும் பாதி குழப்பத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் மலிவான கண்ணாடியை வைத்துக் கிட்டத்தில் படம் எடுக்க ஆசைப்படுகிற காமிராக்காரர்களுக்கு என் அவஸ்தை உதவட்டும்.

காரணம் அருளப்பன். பாளையங்கோட்டையில் எனக்கு அடுத்த மேஜைக்காரன்; சொந்த ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊர். அவர்கள் குடும்பத்து ஆண்களுக்கு இடது காலில் ஆறு விரல். அப்பாவுக்கு இருந்தது, அருளப்பனுக்கு இருக்கிறது, கொழும்பு துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவன் தம்பி சிலுவைக்கும் இருக்கிறது. அருளப்பனின் இடது பூட்ஸை மட்டும் சக்கிலியர் ஓரத்தில் கீறி, துண்டுத் தோல் வைத்துத் தைத்திருப்பார். அப்படித் தைக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் நொண்ட ஆரம்பித்துவிடுவான்.

சிலுவை கொழும்புக்குக் கப்பலேறிய பிறகுதான் அவன் மனைவி பிலோமிக்குப் பிள்ளை பிறந்தது. கொழும்பில் எவனோ ஒரு ஊர்க்காரன், கள்ளுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, மாதக் கணக்கு சரியில்லையே, பிள்ளை உங்கள் சாயலில் இல்லையே என்று வாய்விட்டிருக்கிறான். நாசமாய்ப் போகிறவன்! அன்றிலிருந்து சிலுவையிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. பிள்ளைக்கும் இடது காலில் ஆறு விரல் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். "சரி" என்று ஒரே வார்த்தை வந்தது. நம்பினானா, இல்லையா, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். "ஒரு படம் எடுத்து அனுப்பிருவோம் ஓய். எண்ணிப் பாத்துக்கிடட்டும்" என்றான் அருளப்பன்.

சொல்வது சுலபம். என்னுடையது பெட்டிக் காமிரா. எட்டடிக்கு உள்ளே எதை வைத்தாலும் கஞ்சியில் விழுந்த மாதிரி கலங்கித்தான் விழும். எட்டடிக்கு அப்பால் வைத்தாலோ குழந்தையின் கால் எறும்பளவு தெரியும், விரலை எங்கே எண்ணுவது? கிட்டத்தில் எடுப்பதற்கென்றே லென்ஸின் மேல் மாட்டுகிற கண்ணாடி மதராஸில் விற்கிறார்கள். விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி. அதுவும் வயதானவர்கள் போடும் மூக்குக் கண்ணாடியும் ஒரே ஜாதிதான் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பயணம் புறப்பட்டேன்.

காலை ஆறு மணி பஸ். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று தலைப்பாகையைப் பிடுங்கியது. சமஸ்தான எல்லைச் சாவடியில் காமிராவை நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஐம்பது மைல் சொச்சம். நாகர்கோவில் சேரப் பத்தரை ஆயிற்று. வழியெல்லாம் அருளப்பன் இடது பூட்ஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்தான்.

இறங்கியதும் கோட்டாறு கடைத்தெரு. வெற்றிலைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சாயபு, துணி விரித்து மூக்குக் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தார். அங்கே கண்ணாடிக்கு நம்பர் கிடையாது. வயதுதான். நாற்பது வயதுக் கண்ணாடி, ஐம்பது, அறுபது, எழுபது.

"யாருக்குத் தம்பி?" என்றார்.

"இந்தப் பெட்டிக்கு" என்றேன்.

அவர் காமிராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெட்டிக்கு என்ன வயசு?"

"வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது."

"ரெண்டு வயசுக்கு எங்கிட்ட இல்லியே. நாப்பதுக்குக் கீழ நான் வைக்கிறதில்ல."

அருளப்பன் சிரித்த சிரிப்பில் வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எதை வாங்குவது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பதில் ஒன்று, எழுபதில் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஒன்று பதினாலு சக்கரம்; அந்தச் சமஸ்தானத்துக் காசு. நம் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்கிறார்கள். அந்த அரைச் சக்கரம் என்னவாயிற்று என்று இன்றுவரை தெரியாது.

வெயிலில் நின்று கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் விளங்கியது. எழுபது வயதுக் கண்ணாடியை உள்ளங்கையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் பிடித்தால் சூரியன் கூர்ப்புள்ளியாகச் சேர்கிறது. நாற்பதுக்கு மூன்றடிக்குச் சற்று மேலே போகவேண்டியிருக்கிறது. சூரியன் எத்தனை தூரத்தில் புள்ளியாகிறதோ, அத்தனை தூரத்தில் பொருளை வைத்தால் படம் தெளிவாக விழும். இதைக் கண்டுபிடித்த கர்வத்தில் சட்டைக் கையைப் பொசுக்கிக்கொண்டேன். சாயபு கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவா என்று அன்போடு கேட்டார்.

நாகர்கோவிலிலிருந்து மணவாளக்குறிச்சி பன்னிரண்டு மைல். பஸ் பாதித் தூரம்தான் ஒழுங்காகப் போயிற்று, மீதிக்கு மாட்டுவண்டி. கரையில் மணல் கறுப்பு. வாரி மூட்டை கட்டி வெளிநாட்டுக் கப்பலுக்கு அனுப்புகிறார்கள். மத்தியானத்தில் வெறுங்காலோடு அதில் நடக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிலோமி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பத்து மாதப் பிள்ளை சூசை இடுப்பில். அருளப்பன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"கால என்னத்துக்கு எடுக்கணும் அண்ணே? எம் பிள்ளைக்கு முகம் இல்லியா?"

நான் காமிராவைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"கோவப்படாத மக்களே" என்றான் அருளப்பன். "ஒரு படம் போயிட்டா ஊரு வாய் அடைஞ்சிரும்."

"ஊரு வாய அடைக்க எம் பிள்ளைக்க காலா கெடச்சுது? சந்தேகம்னா வந்து பாக்கட்டும். நான் பிள்ளைய கடலுக்குள்ளயா ஒளிச்சு வச்சிருக்கேன்?"

"அவன் வராமலே இருந்துட்டா என்ன செய்வ?"

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு யார் பக்கம் நியாயம் என்றே தெரியவில்லை. அவன் சொல்லும்போது அவன் சரி, அவள் சொல்லும்போது அவள் சரி. கடைசியில் அவளே, "காலு பாதி, முகம் பாதி எடுங்க. எத அனுப்பணும்னு நான் சொல்லுவேன்" என்றாள். பிலிம் சுருளில் எட்டுப் படம். நாலு காலுக்கு, நாலு முகத்துக்கு என்று முடிவாயிற்று.

எழுபது வயதுக் கண்ணாடியில் ஒரு வில்லையைக் கழற்றி, பெட்டியின் லென்ஸ் துவாரத்தின் மேல் மெழுகு வைத்து ஒட்டினேன். ஒரு ஜாண் நூலை அளந்து, ஒரு முனையைப் பெட்டியில் கட்டி, மறுமுனையைக் குழந்தையின் கால் வரை இழுத்துப் பிடித்துத் தூரத்தைச் சரிபார்த்தேன். கறுப்பு மணலுக்கு எதிரில் சின்னக் கால் பளிச்சென்று தெரிந்தது. ஐந்து விரலுக்கு வெளியே, சுண்டு விரலை ஒட்டி, பயறு மணி போல ஆறாவது. பிலோமி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூசைக்கு நூல்தான் பிடித்திருந்தது. இழுத்தான், கடித்தான், உதைத்தான்.

இங்கேதான் என் புத்தி கலங்கிப்போயிற்று. நாம் குனிந்து பார்க்கிற சின்னக் கண்ணாடிச் சதுரம் பெட்டியின் ஒரு மூலையில் இருக்கிறது. படம் பிடிக்கிற லென்ஸ் நடுவில் இருக்கிறது. தூரத்துக் கோபுரத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஜாண் தூரத்தில் மூன்று விரற்கடை விலகிவிடும். ஆகவே பெட்டியை நகர்த்தி வைக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சதுரத்தில் இடம் வலமாகத் தெரியும், வலம் இடமாகத் தெரியும். எந்தப் பக்கம் நகர்த்துவது? "இடத்துக்கு" என்றது மனசு. "யாருக்கு இடம்?" என்று அதே மனசு கேட்டது. வியர்த்துக் கொட்ட, ஏதோ ஒரு பக்கம் நகர்த்தி நாலையும் எடுத்தேன். பிறகு நாற்பது வயதுக் கண்ணாடியை ஒட்டி, மூன்றடி தள்ளி நின்று, முகத்தை எடுத்தேன். அதில் சிரமமே இல்லை. பிள்ளை சிரித்தது, அவளும் சிரித்தாள்.

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் சுருளைக் கழுவக் கொடுத்தோம். சாயங்காலம் போனபோது, கால் படங்களைப் பார்த்த ஸ்டுடியோக்காரர் "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார், தலையாட்டினோம். படங்களைக் கையில் வாங்கினோம். முகப் படம் நாலும் அருமை. கால் படத்தில் ஒன்றில் மணல் மட்டும் இருந்தது. ஒன்றில் உதை, வெறும் கோடு. ஒன்றில் குதிகால் தெளிவு, விரல்கள் புகை. நாலாவது படம்! அப்படி ஒரு படத்தை நான் அதுவரை எடுத்ததில்லை. நகம் தெரிகிறது, தோல் மடிப்பு தெரிகிறது, ஒட்டியிருந்த மணல் துகள்கூடத் தெரிகிறது. அருளப்பன் விரலால் தொட்டு எண்ணினான். மறுபடி எண்ணினான். முகம் வெளுத்துவிட்டது.

ஐந்து.

சுண்டு விரலோடு படம் முடிந்துவிட்டது. ஆறாவது விரல் விளிம்புக்கு வெளியே. நான் நகர்த்த வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்யப் போய், அவளுக்கு எதிராகச் சாட்சி தயாரித்துக்கொண்டு நிற்கிறேன்! அங்கேயே கிழித்துவிடலாம் என்றேன். "அவகிட்ட காட்டாம எதையும் கிழிக்கப்பிடாது ஓய்" என்றான் அருளப்பன். திரும்பப் பன்னிரண்டு மைல் போனோம்.

பிலோமி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்: மூலை, நடு, இடம், வலம். எனக்கே புரியாததை அவளுக்கு என்னவென்று புரியவைப்பது! அவள் நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. படத்தையும் பிள்ளையின் காலையும் மாறிமாறிப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"இதத்தான் அனுப்பணும்."

"என்ன சொல்லுத நீ?" அருளப்பன் அலறினான். "இதுல அஞ்சில்லா இருக்கு!"

"அஞ்சு அங்க போட்டும் அத்தான். மிச்சம் ஒண்ணு இங்க இருக்கு. வந்து எண்ணச் சொல்லுங்க."

"முகப் படமாவது கூட வச்சு..."

"முகம் எனக்கு. முகம் பாக்கணும்னாலும் வரட்டும்."

எவ்வளவு கெஞ்சியும் அவள் மசியவில்லை. ஐந்து விரல் படம் மட்டும் கொழும்புக்குப் போயிற்று. பாளையங்கோட்டைக்குத் திரும்பி நான் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. அருளப்பன் எதிரே வந்தால் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கோட்டாறில் எழுபது வயதுக் கண்ணாடி ஒன்று போதும். வாங்குமுன் வெயிலில் பிடித்துத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளுங்கள். நூல் மறக்கவேண்டாம். மெழுகு அந்த வெயிலில் இளகுகிறது, அரக்கு நல்லது. முக்கியமாக, கண்ணாடிச் சதுரத்தை நம்பாதீர்கள். லென்ஸ் துவாரத்துக்கு நேரே ஒரு குச்சியை நீட்டி, அது எங்கே தொடுகிறதோ அதுதான் படத்தின் நடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த யோசனை வந்தது ஊர் திரும்பிய பிறகு. பகல் பதினொன்றுக்கு மேல் கறுப்பு மணலில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளை எடுப்பதானால், தாயைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இதை எழுதி வைத்து அனுப்பாமல் இருந்தேன். முடிவு தெரியாமல் எப்படி அனுப்புவது? போன வாரம் சிலுவை வந்தான். தூத்துக்குடியில் இறங்கி, ஊருக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டில் தங்கினான். என்னை அழைத்திருந்தார்கள். கால் கூசப் போனேன். கறுத்து மெலிந்த ஆள். அண்ணனைப் போலவே இடது பூட்ஸில் ஒட்டுத் தோல்.

"அந்தப் படத்தில் ஒரு தப்பு..." என்று தொடங்கினேன்.

"பாத்தேன் அண்ணே. அஞ்சுதான் இருந்துது" என்றான். "ஆறு இருந்திருந்தா, சரி நம்மப் பிள்ளதான்னு நெனச்சுக்கிட்டு அங்கயே கெடந்திருப்பேன். பயந்தவளா இருந்தா ஆறத் தேடியில்லா அனுப்புவா? அஞ்ச அனுப்பிட்டு ஒருத்தி நிமிந்து நிக்கான்னா, நான் எந்த முகத்தோட அங்க இருக்க?"

பிறகு பெட்டியைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடி பூட்ஸை எடுத்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கொழும்பில் பூட்ஸ் தைப்பவர் ஒருவரிடம் சொல்லிச் செய்ததாம். அருளப்பன் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

வலது கால் பூட்ஸ் சாதாரணமாக இருந்தது. இடது கால் பூட்ஸ் ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூட வைத்துத் தைத்திருந்தது.