சார்ஜிங் அறைப் பெண்களின் முன்பற்கள்

பேட்டரித் தொழிற்சாலையில் அவளுக்கு ‘சோடா அக்கா’ என்று பெயர். அமிலம் எங்கே ஒரு சொட்டுச் சிந்தினாலும் சோடா உப்பை அள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஓடிவருவாள். அது நுரைத்து அடங்கும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டாள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும் என்று புதிதாக வருகிறவர்களை மிரட்டி வைப்பாள். பருத்தித் துணி உடுத்தி வந்தால் திட்டு விழும். அமிலம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது, துவைத்த பிறகுதான் சல்லடையாகிப் பல்லிளிக்கும். பதினெட்டு வருஷத்தில் அவள் கையில் ஒரு தழும்பு கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டில் கணவர் வைத்த பெயர் ‘உம்மணாமூஞ்சி’. பாவம், அவள் சிரிக்காதவள் இல்லை. முன்பற்கள் பாதியாகத் தேய்ந்துபோயிருந்தன; அவற்றைக் காட்ட வெட்கம். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறோம், அதனால்தான் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றும் சார்ஜிங் அறையில்தான் அவளுக்கு வேலை; அதற்குள் மட்டும் அந்த வெட்கம் இல்லை. அங்கே எல்லோருக்கும் அதே பல்தான்.

“நாம ஒன்பது பேரும் ஒரே வயித்துல பிறந்தவளுங்கடி. ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க!” என்பாள் பக்கத்து மேசைக்காரி. ஒன்பது கைகள் ஒன்பது வாய்களைப் பொத்தும். அறையே குலுங்கும்.

அன்று குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பல் உயிர் போகிற மாதிரி வலித்தது. அரைநாள் விடுப்பு எழுதிவிட்டுப் பல் மருத்துவரிடம் போனாள். விளக்கைச் சாய்த்துப் பார்த்த இளம் பெண் மருத்துவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“எலுமிச்சம்பழம் நிறையக் கடிப்பீங்களாம்மா?”

“இல்லையே டாக்டர்.”

“பாட்டில் சோடா, கூல் டிரிங்க்ஸ்? சாப்பாட்டுல வினிகர்?”

“வாங்கித் தர ஆள் இருந்தா குடிச்சிருப்பேன்.”

மருத்துவர் சிரிக்கவில்லை. “அடிக்கடி வாந்தி, நெஞ்செரிச்சல்?”

“அதெல்லாம் இல்ல. ராத்திரி பல்லைக் கடிக்கிறேன் போல.”

“கடிச்சா கடைவாய்ப்பல்தான் முதல்ல தேயும். உங்களுக்கு அது முத்து மாதிரி இருக்கு. உதடு மறைக்காத பல்லு மட்டும் கரைஞ்சிருக்கு. காத்துல வர்ற அமிலம் பட்ட மாதிரி. எங்க வேலை செய்யறீங்கம்மா?”

அவள் சொன்னாள். சார்ஜ் ஏறும்போது பேட்டரிகள் குமிழிடும். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத அமிலத் தூறலைக் காற்றில் எறியும் என்றார் மருத்துவர். பேசும்போதும் சிரிக்கும்போதும் அது நேராகப் பல்லில் படியுமாம்.

“உங்ககூட வேலை செய்யறவங்களுக்கும் இப்படி இருக்கா?”

ஒன்பது வாய்கள்! தரையில் விழுந்த ஒவ்வொரு சொட்டையும் தேடித் தேடித் துடைத்தவள் காற்றைத் துடைக்காமல் விட்டுவிட்டாளே!

அடுத்த நொடி இன்னொன்று நெஞ்சில் அறைந்தது. மகள்! இரண்டு மாதம் மேற்பார்வையாளரிடம் கெஞ்சி அவள்தான் மகளுக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தாள். இன்று காலையில்தான் மகள் அந்த அறைக்குள் நுழைந்திருக்கிறாள். மருத்துவர் கூப்பிடக் கூப்பிட அவள் தெருவில் இறங்கி ஓடினாள்.

சார்ஜிங் அறையில் வரிசை வரிசையாகப் பேட்டரிகள் கொதித்துக்கொண்டிருந்தன. நடுவே மகள் நின்று பக்கத்து மேசைக்காரியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள் பாய்ந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாயை மூடுடி! வெளிய வா!”

“என்னம்மா இது, முதல் நாளே மானத்தை வாங்கற?”

“இந்தக் காத்துதான் நம்ம பல்லைத் தின்னுது. டாக்டர் சொல்லிட்டாங்க.”

“நல்லா கிளப்புற பீதியை, சோடா...” என்று ஆரம்பித்த பக்கத்து மேசைக்காரி பாதியில் நிறுத்தினாள். மெல்ல மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் எல்லோருடைய வாயையும் பார்த்தார்கள்.

மகளின் முகம் வெளிறியது. “நான் வந்துடறேம்மா. நீ?”

அவள் கதவருகே நின்றாள். மகள் வெளியே வந்துவிட்டாள். அது போதும் என்று போய்விடலாம். உள்ளே எட்டுப் பேர் அசையாமல் நின்றார்கள்.

அவள் திரும்பி நடந்தாள். சுவரில் இருந்த பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இறக்கினாள். கொதிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேற்பார்வையாளர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

“எவ அது ஆஃப் பண்ணது?”

“நான்தான்” என்றாள், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல்.