பதில் சொல்லக்கூடாத வகுப்பு

சிஞ்ச்வட் பள்ளியில் பல வருடம் சாக்பீஸ் பிடித்த கை எனக்கு. தப்பான விடையைக் கேட்டால் வாய் சும்மா இருக்காது. தொண்ணூறுகளின் கடைசியில், ஏரவாடா பஸ்தியில், அந்தக் குடிசைப் பகுதியில், தமிழ்ப் பெண்களுக்கான உடல்நல வகுப்புக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்தில் கூப்பிட்டார்கள். முதலில் பயிற்சி. "இனி நீங்கள் டீச்சர் இல்லை, பெசிலிடேட்டர், மற்றவர்களைப் பேச வைப்பவர்" என்றார் பயிற்சி தந்த மராத்திப் பெண்மணி. நாற்காலி கூடாது, வட்டமாகத் தரையில் உட்கார வேண்டும். "தப்பு" என்ற சொல்லே வரக்கூடாது. பதில் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பெண்கள் தாங்களே பேசிப் பேசிச் சரியானதற்கு வந்து சேர்வார்கள். வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். "பொறுமை" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பேச்சு குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றி. வந்திருந்த ஓர் இளம் தாயின் மடியிலேயே அப்படி ஒரு குழந்தை. காலையிலிருந்து போய்க்கொண்டே இருந்ததாம். கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

"தண்ணி குடுத்தா இன்னும்தான் போவும்," என்றாள் அவளுடைய பக்கத்து வீட்டு அக்கா.

"மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?" என்றேன், விதிப்படி.

"அக்கா சொல்றதுதான். வயித்தக் காயப்போடணும்."

"அப்ப, போன தண்ணி ஒடம்புக்கு எப்படித் திரும்ப வரும்?"

அவர்கள் பேசிப் பேசி, வெகு ஒற்றுமையாக, தப்பான இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். குழந்தை உதட்டை நக்கியது. என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றுவிட்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுக்காவிட்டால் குழந்தை தாங்காது, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடணும் என்று கத்தினேன். செய்து காட்டக் கொண்டுவந்திருந்த உப்பையும் சர்க்கரையையும் நானே டம்ளர் தண்ணீரில் கலக்கித் தாயிடம் நீட்டினேன். அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "சரிங்க டீச்சர்" என்றார்கள். தாயும் சொன்னாள்.

ஆனால் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் பார்த்தது என்னை அல்ல, அக்காவை. வகுப்பு முடிந்தால் நான் பஸ் ஏறிவிடுவேன். குழந்தைக்கு ஒன்று என்றால் அவள் போய்க் கதவைத் தட்ட அக்கா வீடுதான் இருக்கிறது.

"நீங்க சொல்லுங்கக்கா, ஒரு வாய் குடுக்கச் சொல்லுங்க," என்று அந்த அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அவள், மரியாதையாக. டம்ளரைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் தன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.