முகத்தைக் காட்டுங்கோ அப்பா

இதை வாசிக்கிற பிள்ளைகளே, பேய், ஆவி, செத்தவர்கள் திரும்பி வருவது என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லாமல் இருக்கும். நான் அப்போது எல்லை தாண்டி அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பெரிய ட்ரக் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆளில்லாத ரோட்டில் தனியே ஓடுகிறவன் இப்படியானவற்றை நம்பத் தொடங்கினால் அடுத்த நாள் வேலைக்குப் போகமாட்டான். இத்தனை காலத்தில் நான் கண்டதெல்லாம் மான்தான், அதுவும் என்னைக் கண்டு பயந்து ஓடியது. ஆகவே இதை வாசித்துவிட்டு, இவர் புளுகுகிறார் என்று நீங்கள் சொன்னால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் வீடு ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம், எட்டாம் மாடி. நான், மனைவி வதனி, மகள் ஆரணி, மூன்றே பேர். இது நடந்தபோது ஆரணிக்கு ஒன்பது வயது. கிழமைக் கணக்கில் நான் வீட்டில் இருக்கமாட்டேன், ஆனபடியால் அவளுக்கு என்னைப் பெரும்பாலும் போனில்தான் தெரியும். ரோட்டோரம் ட்ரக்கை நிறுத்திவிட்டுக் கூப்பிடுவேன், உள்ளே இருட்டாக இருக்கும், படம் தெரியாது. "முகத்தைக் காட்டுங்கோ அப்பா" என்பாள். தலைக்கு மேலே இருக்கிற லைட்டைப் போட்டு முகத்தைக் காட்டினால்தான் மற்றக் கதை. சில இடங்களில் சிக்னல் குறைவு, குரல் மட்டும்தான் போகும். அன்றைக்கு இரண்டு சொல்லோடு போனைத் தாயிடம் கொடுத்துவிடுவாள். நான் ட்ரக்குக்குள் இருந்தபடி பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். குரலாவது போய்ச் சேருகிறதே என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில், தகப்பனை இழந்த மகன் ஆடி அமாவாசையன்று மத்தியானம் வரை ஒன்றும் சாப்பிடாமல் இருப்பான். சமைத்ததைப் படைத்து, ஒரு பிடி சோற்றை வெளியே வைத்து "கா கா" என்று காகத்தைக் கூப்பிடுவான். செத்துப்போனவர்கள் காகமாக வந்து சாப்பிடுகிறார்கள் என்பது வழக்கம். காகம் சாப்பிட்ட பிறகுதான் அவன் சாப்பிடலாம். என்னுடைய அப்பா கனடாவுக்கு வர இரண்டு தரம் விசா கேட்டார், இரண்டு தரமும் கிடைக்கவில்லை. அவர் செத்தபோது எனக்கு இங்கே தங்கும் பேப்பர் சரிவராததால் நானும் போக முடியவில்லை. அதனால் இந்த விரதத்தை மட்டும் விடாமல் பிடித்தேன். நம்பிக்கையில் இல்லை, விட்டால் மனம் கேட்காது, அவ்வளவுதான். ஆனால் எட்டாம் மாடிப் பெல்கனியில் நின்று எவ்வளவு கூப்பிட்டும் ஒரு வருடமும் காகம் வந்ததில்லை. எப்படியோ ஒரு அணில் ஏறி வந்து தின்றுவிட்டுப் போகும்.

"உங்கட அப்பாவுக்கு இன்னும் விசா கிடைக்கேல்லப் போல" என்று வதனி பகிடி பண்ணுவாள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பெல்கனியில் நிற்பேன்.

அந்த வருடம் பள்ளிக்கூட விடுமுறைக்கு நாங்கள் அவுஸ்திரேலியா போனோம். என் அண்ணை அங்கே மேற்குக் கரையில் பேர்த் நகரத்தில் இருக்கிறார், ஊரை விட்டு வந்தபிறகு நானும் அவரும் நேரில் பார்த்ததே இல்லை. நேரே விமானத்தில் போய் இறங்கலாம் என்றாள் வதனி. நான்தான், ஊராரின் சரக்குக்காக இவ்வளவு தூரம் ஓடுகிறேன், ஒரு தரம் என் பிள்ளைக்காக ஓடுகிறேனே என்று சொல்லி, அடிலெய்டில் இறங்கி, படுக்கையும் காஸ் அடுப்பும் உள்ள வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். ஆரணிக்குச் சின்னக் கூடாரம், ரென்ற் ஒன்றும் வாங்கினோம்.

அந்த முதல் நாட்களைப் போல் எனக்குப் பிறகு நாட்கள் வாய்க்கவில்லை. அவள் கங்காருவைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் கூட. பக்கத்துச் சீற்றில் இருந்துகொண்டு, "அப்பா, உங்கட காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருக்கு" என்று ஏதோ புதையல் எடுத்தவள் மாதிரிச் சொன்னாள். பின்னேரங்களில் மூன்று பேரும் ரென்ற் அடித்து, ரின்னில் அடைத்த மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டு, அங்கே அப்போது குளிர்காலம், ஒட்டிக்கொண்டு படுப்போம்.

பிறகு அந்த வெட்டை வந்தது. மரமே இல்லாத நிலம், முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறப் பற்றைகள், நடுவே கோடு கீறினது போல ரோட்டு. கனடாவில் நான் எவ்வளவோ வெறுமையான இடங்களில் ஓடியிருக்கிறேன், ஆனால் அங்கேயெல்லாம் ஒரு மரமாவது நிற்கும். இங்கே பார்வை போய்த் தடக்குப்பட ஒன்றுமில்லை. போனில் சிக்னலும் இல்லை. வதனி பாட்டைக்கூட நிற்பாட்டிவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, "இவ்வளவு பெரிய இடத்தில எங்கட சத்தம் மட்டும் கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அந்த வெட்டையில் ஓடும்போதுதான் ஆடி அமாவாசை வந்தது. வீட்டுக் குசினியில் தொங்கிய கலண்டரைப் புறப்பட முதல் போனில் படமெடுத்து வைத்திருந்தேன், ரொறன்ரோ தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டர். அதைப் பார்த்துத்தான் அன்று விரதம் இருந்தேன். மத்தியானம் ரோட்டோரத்தில் ஒரு மேசையும் தண்ணீர்த் தாங்கியும் இருந்த இடத்தில் வானை நிறுத்தினேன். வேறு ஒரு வாகனமும் இல்லை. நல்ல வெயில், குளிர் காற்று. வதனி காஸ் அடுப்பில் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குக் கறியும் வைத்தாள். நான் ஒரு பேப்பர்ப் பிளேட்டில் சோறு எடுத்துக்கொண்டு போய் ஒரு கல்லின்மேல் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், ஒரு காகம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, அது வந்து இருக்க அங்கே ஒரு மரமும் இல்லை. நம் ஊர்க் காகத்தைவிடப் பெரிது, கண் மட்டும் வெள்ளை. அந்தப் பக்கத்துக் காகங்களுக்குக் கண் அப்படித்தானாம், பிறகு அறிந்தேன். எனக்கோ இத்தனை வருடத்தில் முதல் காகம். ஒரு பெரிய ஆம்பிளை வெட்டையில் நின்று காகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். இன்னும் இன்னும் கூப்பிட்டேன். அது தின்று முடித்துப் பறந்துபோகும்வரை வேறெதையும் பார்க்கவில்லை.

திரும்பினால் ஆரணியைக் காணவில்லை.

வானுக்குள் இல்லை, மேசையடியில் இல்லை. வதனி தன்னோடு அவள் இல்லை என்கிறாள், என்னோடு நிற்கிறாள் என்று நினைத்தாளாம். பிறகு கண்டேன். அந்தப் பற்றைகளுக்குள் நல்ல தூரத்தில் அவளுடைய சிவப்பு ஜக்கெற் போய்க்கொண்டிருந்தது. ஓடவில்லை, விளையாடவில்லை, யாரோ கூப்பிட்டதும் போகிற பிள்ளை போல நேரே நடந்துகொண்டிருந்தாள். "ஆரணி, நில்லடி" என்று பலமாகக் கத்தினேன். ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி முன்னுக்கு நடந்தாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசிக்கொண்டு ஓடினேன்.

கிட்டப் போனபோது அவள் நின்றிருந்தாள். அவளுடைய காலுக்கு முன்னால் நிலத்தில் ஒரு கிடங்கு. கிணற்று வாயைவிடச் சின்னது, பற்றை மறைத்தபடி, உள்ளே அடி தெரியாத கறுப்பு. அவள் அதற்குள் குனிந்து பார்த்துக்கொண்டு, "முகத்தைக் காட்டுங்கோ அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் அவளைப் பின்னால் இழுத்துக் கட்டிப்பிடித்தேன். அந்தக் கிடங்கிலிருந்து காற்று மேலே வந்து என் முகத்தில் பட்டது. கொஞ்சம் வரும், நிற்கும், மறுபடி வரும். அவள் என் முகத்தைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் கையை விட்டு மச்சத்தைத் தடவிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வானில் வைத்து வதனி மெல்ல மெல்லக் கேட்டாள். "என்னம்மா, ஏன் போனனீ?"

"அப்பா கூப்பிட்டார். குஞ்சம்மா, இஞ்ச வாங்கோ எண்டு கூப்பிட்டார்."

குஞ்சம்மா என்பது அப்போதெல்லாம் நான் போனில் மட்டும் அவளைக் கூப்பிட்ட பெயர்.

"அப்பா பின்னால நிண்டெல்லோ கத்தினவர்?"

"ஓம், பின்னாலயும் கூப்பிட்டார். முன்னாலயும் கூப்பிட்டார்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "பின்னால கூப்பிட்டவர் ஏசினவர். முன்னால கூப்பிட்டவர்தான் அன்பாக் கூப்பிட்டவர்."

நான் வானை எடுத்தேன். கன தூரம் போனபிறகு வதனி, நான் காகத்தைக் கூப்பிட்டபோது என் சத்தம் ஒவ்வொரு தரமும் இரண்டாகக் கேட்டதாகவும் எதிரொலியாக்கும் என்று தான் இருந்துவிட்டதாகவும் சொன்னாள். அந்த வெட்டையில் எதிரொலிக்க ஒரு சுவரோ மலையோ இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

பின்னேரம் ரோட்டோரத்துப் பெற்றோல் நிலையம் ஒன்றில் சிக்னல் கிடைத்தது. அங்கே வேலை செய்த பெண், அந்த நிலத்துக்குக் கீழே எல்லாம் குகை, அப்படிப்பட்ட ஓட்டைகள் நிறைய இருக்கின்றன, காற்று உள்ளே போய் வரும்போது சத்தமும் கேட்கும் என்றார். எனக்குப் பெரிய ஆறுதல். காற்றுத்தான், பிள்ளை களைத்துப்போய் என்னவோ நினைத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு அண்ணைக்குப் போன் போட்டேன்.

"எங்கயடா நிக்கிறாய்? விரதத்துக்கு என்ன செய்யப்போறாய்? இஞ்ச வந்துசேர மாட்டாயே" என்றார் அண்ணை.

"அது இண்டைக்கு மத்தியானமே படைச்சிட்டன் அண்ணை. காகமும் வந்தது."

"இண்டைக்கோ? விசரா, இஞ்ச நாளைக்கெல்லே அமாவாசை. கனடாக் கலண்டரைப் பாத்தனியோ? நேர வித்தியாசத்தில அங்க ஒரு நாள் முந்தி வரும்." அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "செத்த சனம் இன்னும் வெளிக்கிடவேயில்லை. அதுக்குள்ள நீ ஆரைக் கூப்பிட்டனீ?"

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் போனைக் காதில் வைத்தபடி வானுக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தேன்.

அடுத்த நாள், சரியான நாளில், இன்னொரு இடத்தில் சோறு வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆரணி என் சேர்ட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். கூப்பிடாமலே மூன்று நான்கு காகங்கள் வந்து தின்றுவிட்டுப் போயின. அதற்குப் பிறகு எங்கேயும் நான் காகத்தைக் கூப்பிட்டதில்லை.

திரும்பி வந்ததும் தூர ஓட்டத்தை விட்டுவிட்டேன். இப்போது நகரத்துக்குள்தான், கடைகளுக்குப் பாண் இறக்கும் வான் ஓட்டுகிறேன், பின்னேரம் வீட்டில் நிற்பேன். சம்பளம் குறைவு, அது பரவாயில்லை. பிள்ளையை ஏசுவதையும் விட்டுவிட்டேன், எப்போதும் அன்பாகத்தான் கூப்பிடுவேன். ஆனால் ஆரணி என் குரலுக்கு வருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும், கடைக்குப் போகக் கூப்பிட்டாலும், அறைக்குள் இருந்துகொண்டு "முகத்தைக் காட்டுங்கோ அப்பா" என்பாள். நான் போய்க் கதவால் எட்டிப் பார்த்தால்தான் எழும்புவாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, அந்த வெட்டையைப் பற்றிக் கேட்டால் வடிவாக ஞாபகமில்லை என்கிறாள். பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே பார்த்தால் இது எங்கள் வீட்டுப் பகிடி.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஆடி அமாவாசையன்று நடந்ததுதான் காரணம். நாள் சரி, கோயிலில் கேட்டுத்தான் பிடித்தேன். வதனி வேலைக்குப் போய்விட்டாள், எனக்கு லீவு, நானே சமைத்தேன். மத்தியானம் பெல்கனியில் சோற்றை வைத்துவிட்டு வழமை போல வாயை மூடிக்கொண்டு நின்றேன். கீழே பஸ் போகிற சத்தம், ஆரோ பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம். அப்போது உள்ளேயிருந்து ஆரணி சொன்னாள்:

"முகத்தைக் காட்டுங்கோ அப்பா, வாறன்."

நான் அவளைக் கூப்பிடவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது, கதிரை ஒன்று விழுந்தது. அறைக் கதவைத் திறந்து முகத்தைக் காட்டினேன். அவள் கட்டிலில் இருந்தபடி போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"ஓகே, வாறன். ஏனப்பா மூண்டு தரம் கூப்பிடுறியள்? எனக்கு ஃபர்ஸ்ட் டைமே கேட்டது."

"சாப்பிடத்தான் குஞ்சம்மா" என்றேன்.

அவள் தமிழ் பேசுவாள், வாசிக்கமாட்டாள், அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வதனிக்கும் சொல்லவில்லை. பகல் முழுக்க நகரத்தில் பாண் இறக்கிக்கொண்டு திரிகிறேன், பள்ளிக்கூடம் விட்டு ஆரணி வீட்டுக்கு வந்து சேருவாள், நான் போய்ச் சேரும்வரை தனியேதான் இருப்பாள். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் வர, மிச்சப் பாணை ஓட்டமும் நடையுமாக இறக்கி முடிப்பேன். என் முகத்தைப் பார்க்காமல் அவள் வரமாட்டாள், அது எனக்குத் தெரியும். ஆனால் என் குரலை அவ்வளவு வடிவாகப் பழகின அது, ஒருநாள் முகத்தையும் காட்டப் பழகிவிட்டால்?