கண்ணுக்குள் வைத்த குமிழி

சும்மா இருப்பது எனக்குக் கைவராத வித்தை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். என் விஷயத்தில் கை, கண், புத்தி மூன்றையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவளைத்தான் கண் டாக்டர் ஏழு நாள் குப்புறக் கிடக்கச் சொன்னார்.

வலது கண்ணின் விழித்திரையில், சரியாக நடுவில், ஓர் ஓட்டை விழுந்திருந்தது. சுவர் தெரியும், சன்னல் தெரியும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. ஒரு சொல்லைப் பார்த்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருக்கும், நடு எழுத்துகள் காணாமல் போயிருக்கும். மனிதர்களுக்கு நெற்றி இருந்தது, தாடை இருந்தது, இடையில் ஒரே கலங்கல். இடது கண் பிறவியிலேயே மங்கல். ஆக, இந்த ஒரு கண்தான் எனக்குச் சோறு போடும் கண்.

புக்கிட் தெங்காவில், துப்புரவுத் திரவங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாகப் பரப்பு இழுவிசை அளக்கிறேன், அதாவது திரவத்தின் மேற்பரப்பு ஒரு தோல் போல எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதை. ஒரு பிளாட்டினம் வளையத்தைத் திரவத்தின் மேல் தொடவைத்து, மெல்ல மேலே இழுக்க வேண்டும். திரவம் விடாமல் வளையத்தைப் பற்றிக்கொண்டு கூடவே எழும்பும். அறுந்துபோகும் முன் அது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதுதான் கணக்கு. ஆனால் கூட எழும்பும் திரவத்துக்கும் எடை உண்டு அல்லவா? அதனால் இயந்திரம் முதலில் அடர்த்தியைக் கேட்கும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தை அளந்தால் இரண்டின் அடர்த்தியையும் கேட்கும். அதைத் தப்பாகக் கொடுத்தால் இழுவிசையும் தப்பாகத்தான் வரும். புதிதாக வருகிறவர்கள் கனமான திரவத்துக்குத் தோலும் கெட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டால் அடர்த்தி ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், இழுவிசை பாதிக்கும் கீழே போய்விடும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ, எனக்கே அலுத்துவிட்டது.

டாக்டர் அறுவை செய்து என் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார். கண்ணுக்குள் இருக்கும் நீரைவிட வாயு மிக லேசானது, அதனால் அது மேலேதான் போகும். ஓட்டையோ கண்ணின் பின்சுவரில் இருக்கிறது. முகத்தைக் கவிழ்த்தால்தான் பின்சுவர் மேலே வரும், குமிழியும் அங்கே போய் ஒட்டும். ஒட்டிய பிறகு வேலை செய்வது இழுவிசை: குமிழியின் பரப்பு ஓட்டையின் குறுக்கே விறைப்பாக நின்று, நீரை உள்ளே நுழையவிடாமல் தடுக்கும். அதற்குள் ஓரங்கள் கூடிவிட வேண்டும். டாக்டர் படம் போட்டு விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிற்சாலையில் விட்டுவிட்டு வந்த வேலை கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாக இருப்பவள் நான். என்னைப் பார்த்துக்கொள்ள என் அக்கா பாகான் டாலாமிலிருந்து பையோடு வந்து இறங்கினாள். முகம் வைக்க ஓட்டை உள்ள ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்திருந்தோம். பகலெல்லாம் அதில், இரவில் தலையணைகளின் மேல். முதல் நாள் தரையின் ஓடுகளை எண்ணினேன். இரண்டாம் நாள் எறும்புகளோடு சண்டை போட்டேன். பார்வையின் நடுவில் குமிழி ஒரு கறுப்பு வட்டமாக, நான் மூச்சு விடும்போதெல்லாம் தளும்பியது. சன்னலுக்கு வெளியே கொடிமலை இருக்கிறது, பஸ் போகிறது, பாசார்ச் சந்தையில் யாரோ விலை கூவுகிறார். எனக்கு மட்டும் தரை. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மாலை மாதா கோயில் ஜெபக் குழுவினர் ஐந்து பேர் வந்தார்கள். கீழ்மாடியில் குடியிருக்கும் ஆன்ட்டிதான் அழைத்து வந்தார். அக்காதான் கதவைத் திறந்தாள். என் முதுகைச் சுற்றி நின்று பாடி ஜெபித்தார்கள். முடிந்ததும் நோயாளியின் நெற்றியில் சிலுவை வரைவது வழக்கம். நாற்காலிக்குள் புதைந்த நெற்றியில் எப்படி வரைவது?

"முகத்த கொஞ்சம் தூக்கும்மா, ஒரு நிமிஷம்தான்லா," என்று ஆன்ட்டி என் தாடையைத் தாங்கி நிமிர்த்தினார். ஐந்து கட்டைவிரல்கள். மீறிப்போனால் இரண்டு நிமிடம் இருக்கும்.

அவர்களோடு அது முடிந்திருந்தால் பரவாயில்லை. நான்காம் நாள் அக்கா பாசாருக்குப் போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் எழுந்து நாட்காட்டியின் முன் போய் நின்றேன். நடு எழுத்துகள் திரும்பிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். தெரிந்தது, ஆடும் ஒரு கறுப்பு நீர்மட்டம்தான். அது அடங்கும்வரை நின்றேன். அடங்கவில்லை. மறுபடி பார்த்தேன். திரவம் அமைதியடையும் முன் வளையத்தைத் தூக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவள், அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்றேன். ஐந்தாம் நாளும் நின்றேன், ஆறாம் நாளும் நின்றேன். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கவிழ்ந்துகொள்வேன்.

மூன்றாவது வாரம் ஸ்கேன் எடுத்தார்கள். ஓட்டை மூடவில்லை. அடுத்த வாரம் வாருங்கள், என்ன செய்யலாம் என்று முடிவெடுப்போம் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நேரே கீழ்மாடிக்குப் போனாள். அவள் குரல் மேலே வரைக்கும் கேட்டது. "ஜெபம் பண்றேன்னு வந்து எந்தங்கச்சி கண்ண கெடுத்துட்டீங்களே! தூக்கக் கூடாதுன்னு தெரியாதா?" பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் சோபாவில் உட்கார்ந்து, அசையாமல் இருந்தேன். அந்த ஏழு நாளில் வராத அசையாமை அன்றைக்கு மட்டும் எப்படியோ வந்தது.

அந்த வாரம் முழுவதும் ஆன்ட்டி படியில் எதிர்ப்படவில்லை. ஞாயிறு பூசைப் பாட்டிலும் அவர் குரல் இல்லை என்று அக்கா சொன்னாள். "வெக்கமா இருக்கும்," என்றாள் திருப்தியாக. சொல்லிவிடலாம் என்று வாய் திறப்பேன், தண்ணீர் கேட்பேன்.

அடுத்த சந்திப்பில் டாக்டர், எவ்வளவு நேரம் முகத்தைத் தூக்கியிருந்தீர்கள் என்று கேட்டார். அக்கா முந்திக்கொண்டு, ஜெபக் குழு வந்தது, இரண்டு நிமிடம் என்றாள். இரண்டு நிமிடத்தால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காகக் கவிழ்ந்தும் மூடவில்லை என்றால் இது பிடிவாதமான ஓட்டை. இன்னும் பெரிய அறுவை வேண்டும், பலன் எப்படி என்று சொல்ல முடியாது. குமிழி இடத்தில் நிற்காததுதான் காரணம் என்றால் மறுபடி வாயுவே போதும் என்றார். அவர் பேனாவை எடுத்தார். நான் திருத்தாமல் விட்ட தப்பான எண்ணை வைத்துக்கொண்டு என் கண்ணை வெட்டப் போகிறார்.

"நான் எழுந்தேன்," என்றேன். "மூணு நாள். தெனம் ஒரு மணி நேரத்துக்கு மேல."

டாக்டர் எழுதிக்கொண்டார். நல்லது, மறுபடி வாயுவே வைக்கலாம் என்றார். அடுக்குமாடி வாசலில் காரிலிருந்து இறங்கியதும் அக்கா, "நான் கத்துனதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்குறேன். மொதல்ல நீ போ," என்றாள்.

கீழ்மாடிக் கதவைத் தட்டினேன். ஆன்ட்டி திறந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். உங்கள் மேல் தப்பே இல்லை என்றேன். அக்கா திட்டும்போது மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். மன்னித்தாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நேராகப் பார்த்தேன். நரைத்த முடி இருந்தது, தாடை இருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஏதோ அசைந்தது, உதடா கையா என்று புரியவில்லை.

"ஆன்ட்டி," என்றேன், "எனக்கு ஒங்க மொகம் தெரியல. ஏதாச்சும் சொல்லுங்க."