கூழ் குடித்த வேட்டுக்குழாய்

எத்தனை முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாத ஒரு வாசனை உண்டு. பழைய இரும்புக் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டு வெளியே எடுத்தால் தோலில் ஒட்டிக்கொள்ளும் துருவின் வாசனை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு சேர்ந்து வாய்க்குள்ளும் வரும். எனக்கு ஒன்பது வயதான ஆண்டு, ஆனி மாதம் முழுவதும் என் வலது கையில் அந்த வாசனைதான் இருந்தது.

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியது எங்கள் ஊர். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளன்று, பெண்கள் கூழ்ப்பானையைத் தலையில் சுமந்து கோயிலுக்கு வந்து சேரும் நேரத்தில், மண்ணில் பாதி புதைத்து நிறுத்திய இரும்புக் குழாயில் வேட்டுப் போடுவார்கள். குழாயும் மருந்தும் கருங்குழிப் பக்கத்திலிருந்து வரும் வேட்டுக்காரருடையவை. பக்கத்து ஊரில் சொந்தக் குழாய் வைத்திருந்ததால் எங்களுடையதை "வாடகை வேட்டு" என்று கிண்டல் செய்வார்கள். நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு, லீவு நாட்களில் எதையாவது அறுத்து, ராவி, பொருத்திக்கொண்டிருப்பதுதான் பொழுதுபோக்கு. இந்த ஆடிக்கு ஊருக்கென்று ஒரு குழாயைத் தானே செய்து தருவதாகவும், முதல் வேட்டுக்குத் தானே திரி கொளுத்துவதாகவும் கோயில் கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மொபெட்டின் பின்னால் என்னை உட்காரவைத்துக்கொண்டு காயலான் கடைகளைத் தேடிப் போனார். உடைந்த கட்டில்களுக்கும் ஃபேன் இறக்கைகளுக்கும் நடுவே எங்காவது உருளையாகக் கண்ணில் பட்டால் உருட்டி வெளியே எடுப்பார், ஸ்பேனரால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். தட்டினால் இரும்பே தன்னைப் பற்றிச் சொல்லிவிடும் என்பது அவர் அடிக்கடி சொல்வது. அவருடைய கை முழங்கையோடு சிக்கிக்கொள்ளும். என் கைதான் தோள்வரை போகும். உள்ளே தடவி, கோடு, பள்ளம், பிசிறு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று நான் சொல்லவேண்டும். விரிசல் விட்ட குழாய், திரி கொளுத்துகிறவர் மேலேயே வெடித்துச் சிதறிவிடும். ஒரு தடவை ஒரு குழாயைத் தட்டியபோது உள்ளிருந்து தேள் ஒன்று விழுந்தது; அதற்குப் பிறகு ஒவ்வொரு குழாயின் வாயும் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஆனாலும் கையை விட்டேன். நைனா பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடற்கரைச் சாலையோரக் கடை ஒன்றில்தான் அது கிடைத்தது. மூடிவிட்டுப் போன இறால் பண்ணையில் கடல்தண்ணீர் இறைத்த மோட்டாரிலிருந்து கழற்றியது என்றார் கடைக்காரர். வெளியே பச்சைப் பெயின்ட், நல்ல கனம். தட்டியதும் மணி மாதிரி ஒலித்தது. நைனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்க, கடைக்காரர் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்த, பொண்ணுக்கு மாப்ள பாக்கற மாதிரி பாத்துகினு கீற. புடிச்சிருந்தா தூக்கினு போயேன்."

நான் கையை விட்டேன். தோள் முட்டுகிற இடத்தில், நடுவிரல் நகம் எதிலோ மாட்டியது. மயிரிழை போல ஒன்று. நைனாவிடம் சொன்னேன். மறுபடியும் பார்க்கச் சொன்னார். இந்த முறை மாட்டவில்லை. மூன்றாவது முறை மாட்டியது போலவும் இருந்தது, மாட்டாதது போலவும் இருந்தது.

"மாட்டுதுன்ற, இல்லன்ற. துரு ஒட்டினு இருக்கும் பாப்பா," என்றார் நைனா. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்தது. எனக்கு என் விரல் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

வெல்டிங் பட்டறையில் அடிப்பக்கத்தை மூடிக் கொண்டுவந்தார். ஊரே வந்து பார்த்தது. கூழ் வார்க்கும் நாள் காலையில் கோயில் வாசலில் பாதி புதைத்து நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் மஞ்சள் பூசிய பிறகு அது வெறும் இரும்பில்லை, அம்மனுக்கென்று ஆகிவிட்டது. அதை வேண்டாமென்று பிடுங்கினால் ஊருக்கு ஆகாது என்பார்கள். இனி யார் என்ன சொன்னாலும் அதில்தான் வேட்டு, நைனாதான் திரி கொளுத்தவேண்டும்.

வீட்டில் அம்மா கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். துடுப்பை நிறுத்தாமல் ஒன்றுதான் கேட்டாள்.

"மாட்டிச்சா, மாட்டலயா?"

"தெர்லம்மா."

அம்மா கூழை இறக்கிவைத்தாள். முகத்தைக் கழுவி, பானைக்கு வேப்பிலை கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, மற்றப் பெண்களோடு பம்பைச் சத்தத்துக்குப் பின்னால் நடந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போனேன். கோயில் வாசலில் நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வேட்டுக்காரர் அப்போதுதான் குந்தி உட்கார்ந்து, மருந்துப் பையின் முடிச்சில் கை வைத்தார். தூரப் போங்க, தூரப் போங்க என்று யாரோ பிள்ளைகளை விரட்டினார்கள். நான் முந்தானையை விடவில்லை.

அம்மா வரிசையிலிருந்து விலகினாள். குழாயின் முன்னால் போய் நின்றாள். தலையிலிருந்து பானையை இறக்கி, அப்படியே குழாய்க்குள் கவிழ்த்தாள். கூழ் கொழகொழவென்று உள்ளே இறங்கி, நிரம்பி, வாயோரம் வழிந்தது.

பம்பை நின்றுவிட்டது. வேட்டுக்காரர் எழுந்துகொண்டார். "இன்னாம்மா பண்ட்ட நீ?"

"வேண்டிகினேன். மொத கூழு இதுக்குத்தான்," என்றாள் அம்மா.

கூழ் அம்மனுடையது. அதை ஊற்றியவளை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் நைனாவின் காது சிவந்ததைப் பார்த்தேன். ஊர் நடுவே, அத்தனை நாள் அலைந்து கொண்டுவந்த குழாயை, பெண்டாட்டியே நாசமாக்கிவிட்டாள். அவர் அம்மாவை நோக்கி வந்தார். அவர் அவளை அடித்து நான் பார்த்ததில்லை. அன்று அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் வேட்டுக்காரர் கையை நீட்டி அவரை நிறுத்தினார். குழாயின் வெளிப்பக்கத்தில், மண்ணுக்குச் சற்று மேலே, மஞ்சள் பூச்சின் நடுவே, கேழ்வரகு நிறத்தில் நூல் போல ஒரு கோடு கசிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நீளத்துக்கு இறங்கியது. அவர் அதைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு மருந்துப் பையின் முடிச்சை இறுக்கிக்கொண்டு கேட்டார்.

"யாருய்யா இத உள்ள பாத்து எடுத்தது?"

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்," என்றார்.

அந்த ஆண்டு எங்கள் ஊரில் வேட்டு இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் "கூழ் வேட்டு" என்று புதுப்பெயர் வைத்தார்கள். குழாயைத் திரும்பக் காயலான் கடையில் போட்டால் வேறு எவனாவது எடுத்துப்போவான் என்று, நைனா உள்ளே சிமென்ட்டை நிரப்பி, எங்கள் வீட்டுப் பின்னால் துணிக்கொடிக்குக் கம்பமாக நட்டார். நான் கல்யாணமாகிப் போகும்வரை என் பாவாடைகளும் தாவணிகளும் அதில்தான் காய்ந்தன.

என் மகள் பிறந்த பிறகு அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், குழாயில் விரிசல் இருந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தெரிஞ்சிருந்தா வாயால சொல்லியிருப்பனே. தெர்லன்னுதான் ஊத்தினேன்," என்றாள்.

அந்தப் பின்கட்டு இப்போது புதிதாகப் போட்ட சாலைக்குப் போய்விட்டது. கம்பமும் அதனோடு போயிற்று. கடற்கரைச் சாலையில் அந்தக் காயலான் கடை இருந்த இடத்தில் கொடிகள் கட்டி மனை விற்கிறார்கள். கூழ் வார்க்கும் நாளில் இப்போது கடையில் வாங்கிய சரவெடிதான், கருங்குழிக்காரர் வருவதில்லை. நாங்கள் நாவலூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். துருவே இல்லாத வீடு. ஆனாலும் பால்கனிக் கம்பியை நான் தினமும் ஆட்டிப் பார்க்கிறேன், கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்புகிறேன். ரொம்பத்தான் பயப்படுகிறாய் என்கிறார் கணவர். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

நேற்று மாலை கீழே விளையாடப் போன மகள், ஊஞ்சல் சங்கிலியில் விரல் மாட்டுகிறது என்று வந்து சொன்னாள். போய்த் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடி அவளையே தொடச் சொன்னேன். "தெரியலம்மா," என்றாள்.

துப்பட்டாவைக் கழற்றி, ஊஞ்சல் பலகையை இரண்டு சங்கிலிகளோடும் சேர்த்து, பிள்ளைகள் யாரும் ஏற முடியாதபடி முடிச்சுப் போட்டுக் கட்டினேன். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் கேட்டார், "இன்னாம்மா, துணி காயப் போட்டுகினு கீறியா?"

ஆமாம் என்றேன்.